மன்னிப்புக்கு முன் உண்மை

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி மூன்று நாள் மாலையில் நடைபெற்ற சொற்பொழிவுகளில், இரண்டாம் நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

ஐம்பதாம் ஆண்டு என்றதும் வேதம் படித்தவர்களுக்கு லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். எக்காளம் ஊதப்படும், அடிமைப்பட்டவன் வீடு திரும்புவான், கைமாறிப் போன காணி உரியவனுக்கே மீளும். ஆகவே யூபிலி என்றால் விடுதலை, யூபிலி என்றால் மன்னிப்பு என்று நாம் பேசிப் பழகியிருக்கிறோம். விழாக் குழுவினர் இன்று நமக்குக் கொடுத்த தலைப்பும் மன்னிப்புத்தான். அந்தத் தலைப்பை நாம் மாற்றப் போவதில்லை. ஆனால் அதை ஒரு நீதிபதியின் வாழ்க்கை வழியாகப் பார்க்க விரும்புகிறோம். அவர் கிறிஸ்தவர் அல்லர், யூதர். பெயர் தாமஸ் பர்கெந்தால். கோயில் விழாவில் ஒரு யூத நீதிபதிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம் திருச்சபை பீடத்தில் ஏற்றி வணங்கும் புனிதர் ஒருவரைக் கொல்ல ஆணையிட்டவன் யார் என்பதை, உலகம் அறியப் பெயர் சொல்லி எழுதிய மூவரில் அவர் ஒருவர். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

அவர் 1934ஆம் ஆண்டு மே மாதம் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்தார். தகப்பனார் அங்கே ஒரு ஹோட்டல் நடத்தி வந்தார். ஹிட்லரின் கை நீள நீள, குடும்பம் போலந்துக்கு ஓடியது; அங்கும் சிக்கியது. கீல்ட்சே என்ற நகரில் யூதர்களை அடைத்து வைத்த சேரியில் அந்தச் சிறுவன் வளர்ந்தான். ஒரு நாள் அங்கிருந்த குழந்தைகளைப் பிரித்துக் கொண்டு போக ஆரம்பித்தார்கள். போன குழந்தைகள் திரும்பவில்லை. அப்போது இந்தச் சிறுவன் ஜெர்மானிய அதிகாரியின் முன் சென்று நிமிர்ந்து நின்று, தன்னால் வேலை செய்ய முடியும் என்று அவன் மொழியிலேயே சொன்னான். அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது.

1944 ஆகஸ்டில், பத்து வயதில், தாய் தந்தையரோடு ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டு போகப்பட்டான். அங்கே ரயிலிலிருந்து இறங்கும் குழந்தைகளையும் முதியோரையும் தனியே பிரித்து நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்புவது வழக்கம். இவர்கள் வந்த ரயிலுக்கு மட்டும் அந்தப் பிரித்தெடுப்பு நடக்கவில்லை. தாயிடமிருந்து பிரிக்கப்பட்டான்; பிறகு தந்தையிடமிருந்தும் பிரிக்கப்பட்டான். தந்தை 1945 ஜனவரியில் புக்கன்வால்ட் முகாமில் இறந்தார். அதே ஜனவரியில், ரஷ்யப் படை நெருங்கி வரவே, கைதிகளைக் கடும் பனியில் மூன்று நாள் நடக்க வைத்தார்கள். விழுந்தவர்களைச் சுட்டார்கள். பிறகு கூரையில்லாத சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். அந்த ரயில் செக் நாட்டைக் கடந்தபோது பாலங்களின் மேல் நின்ற மக்கள் பெட்டிகளுக்குள் ரொட்டியை வீசினார்களாம். யாரென்று தெரியாதவர்களுக்கு, யாரென்று தெரியாதவர்கள் வீசிய ரொட்டி. அது இல்லாவிட்டால் தாம் பிழைத்திருக்க முடியாது என்று அவர் முதுமையில் எழுதினார்.

சாக்சன்ஹவுசன் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது பனி அவன் கால்களைத் தின்றிருந்தது. இரண்டு விரல்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. நார்வே நாட்டுக் கைதி ஒருவர், ஓட் நான்சன் என்பவர், முகாம் மருத்துவமனையில் அவனைக் கண்டு, தம் பங்குக்கு வந்த சிகரெட்டையும் தின்பண்டத்தையும் காவலுக்கிருந்தவர்களுக்குக் கொடுத்து, சாவுப் பட்டியலில் அவன் பெயர் ஏறாமல் பார்த்துக்கொண்டார். 1945 ஏப்ரலில் விடுதலை. தாயும் மகனும் மறுபடி ஒருவரையொருவர் கண்டது 1946 டிசம்பரில்.

தாயின் சொந்த ஊர் ஜெர்மனியில் கோட்டிங்கன். பையன் அங்கே வந்து சேர்ந்தபோது, வீட்டு மேல்மாடத்தில் நின்று பார்ப்பானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மானியக் குடும்பங்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் உலாவும். என் அப்பா எங்கே, இவர்கள் மட்டும் எப்படிச் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்ற எண்ணத்தில், ஒரு இயந்திரத் துப்பாக்கி கிடைத்தால் இத்தனை பேரையும் சுட்டுத் தள்ளலாமே என்று நினைத்தாராம். இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நாட்கள் செல்லச் செல்ல, அந்த வெறுப்பில் தவறு செய்தவனும் செய்யாதவனும் ஒன்றாகிவிடுகிறார்கள் என்பதைக் கண்டு அதைக் கைவிட்டார். இந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். யார் செய்தது என்று தெரியாதபோது எல்லோரையும் வெறுக்கத் தோன்றுகிறது. யார் செய்தது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களை வெறுக்க வேண்டியதில்லை.

1951இல் அமெரிக்காவுக்குப் போனார்; சட்டம் படித்தார்; பேராசிரியரானார். அந்த ஆண்டுகளை விரைவாகக் கடந்து விடுவோம். 1979இல் கோஸ்டா ரிக்காவின் தலைநகரான சான் ஹோசேயில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தொடங்கப்பட்டது. நீதிபதிகள் ஏழு பேர். அமெரிக்க ஐக்கிய நாடு அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. ஆகவே அந்நாட்டுக் குடிமகனான இவரைக் கோஸ்டா ரிக்கா முன்மொழிந்தது! தன் நாடு ஒப்புக்கொள்ளாத நீதிமன்றத்தில் 12 ஆண்டு நீதிபதியாய் இருந்தார். 1985 முதல் 1987 வரை அதன் தலைவராகவும் இருந்தார்.

அவர் தலைவராயிருந்த நாட்களில் அங்கே வந்த ஒரு வழக்கு ஹோண்டுராஸ் நாட்டைப் பற்றியது. மன்ஃப்ரெடோ வெலாஸ்கஸ் என்ற கல்லூரி மாணவர். 1981 செப்டம்பரில், ஆயுதம் தாங்கிய ஆட்கள் வாகனங்கள் நிறுத்துமிடம் ஒன்றில் அவரைப் பிடித்து ஏற்றிச் சென்றார்கள். அதற்கு மேல் அவரைக் கண்டவர் இல்லை. குடும்பத்தார் மூன்று முறை ஆட்கொணர்வு மனு போட்டார்கள். பயனில்லை. அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லை என்பதே அரசின் பதில். 1981 முதல் 1984 வரை அந்தச் சின்ன நாட்டில் இப்படி மறைந்தவர்கள் 100 முதல் 150 பேர் என்று நீதிமன்றம் கண்டது.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. வழக்குப் போடுகிறவன்தான் சாட்சி காட்ட வேண்டும் என்பது நாம் அறிந்த நியாயம். ஆனால் ஆளையே காணோம், உடலும் இல்லை, ஏடு எழுதியவன் எதிராளி, சிறைச்சாலையின் சாவியும் அவன் இடுப்பில். அந்தத் தாய் எதைக் கொண்டு வந்து காட்டுவாள்? 1988 ஜூலை 29 அன்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன் கையில் மட்டுமே இருக்கக்கூடிய சாட்சியத்தைத் தானே மறைத்து வைத்துக்கொண்டு, சாட்சியம் இல்லை என்று ஓர் அரசு தப்பிக்க முடியாது. அது மட்டுமன்று. கடத்தியவன் யார் என்று பெயர் தெரியாமல் போனாலும், தேட வேண்டிய கடமை அரசினுடையது. தேடாமல் இருந்ததே குற்றம். இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, அதே 1988 ஜனவரியில், சாட்சியாக அழைக்கப்பட்டிருந்த ஒருவரும் சாட்சி சொல்லி முடித்திருந்த ஒருவரும் ஹோண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உண்மைக்கு அங்கே அவ்வளவு விலை.

காயீனை ஆண்டவர் கேட்ட கேள்வியும் இதுதானே? கொன்றாயா என்று அவர் தொடங்கவில்லை. தம்பி எங்கே என்றுதான் தொடங்கினார். காயீன் சொன்ன பதிலைத்தான் உலகத்து அரசாங்கங்கள் பலவும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இனி எல் சால்வடோருக்கு வருவோம். நடு அமெரிக்காவில் ஒரு சிறிய நாடு. பெயருக்கே மீட்பர் என்று பொருள். அந்நாட்களில் மக்கள் பெரும்பாலும் நம் கத்தோலிக்கராய் இருந்தார்கள். ஆண்டவர்களும் கத்தோலிக்கர், மாண்டவர்களும் கத்தோலிக்கர். அங்கே 12 ஆண்டு உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் இறந்தார்கள். 1980 மார்ச் 23, ஞாயிறு. பேராயர் ஆஸ்கர் ரொமேரோ தம் பிரசங்கத்தில் படைவீரர்களை நோக்கி, உங்கள் சொந்தச் சகோதரர்களைக் கொல்லாதீர்கள் என்று ஆண்டவர் பெயரால் மன்றாடினார், கட்டளையும் இட்டார். மறுநாள் மாலை, புற்றுநோய் மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தவரை, பிரசங்கத்தை முடித்த வேளையில் சுட்டுக் கொன்றார்கள். விசாரிக்கத் தொடங்கிய நீதிபதியின் வீட்டிலும் மூன்றாம் நாள் துப்பாக்கியோடு ஆட்கள் நுழைந்தார்கள். அவர் நாட்டை விட்டே ஓடினார். அதோடு விசாரணை முடிந்தது.

1981 டிசம்பரில் எல் மொசோட்டே என்ற கிராமத்தில் அரசுப் படை புகுந்து ஆண், பெண், பிள்ளை என்று பாராமல் கொன்றது. 1989 நவம்பர் 16 அதிகாலையில் தலைநகரின் பல்கலைக்கழகத்தில் சேசுசபைக் குருக்கள் அறுவரையும், அவர்கள் வீட்டில் சமைத்த எல்பா ராமோஸ் என்ற பெண்மணியையும், அவருடைய பதினாறு வயது மகள் செலினாவையும் கொன்றார்கள்.

1992 ஜனவரியில் சமாதானம் கையெழுத்தாயிற்று. அந்த உடன்பாடுகளின்படி ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பில் உண்மையைக் கண்டறிய மூவர் கமிஷன் அமைந்தது. கொலம்பியாவின் முன்னாள் ஜனாதிபதி பெலிசாரியோ பெத்தன்கூர், வெனிசுவேலாவின் முன்னாள் அமைச்சர் ரெய்னால்டோ ஃபிகுரெதோ, மூன்றாமவர் நம் பர்கெந்தால். மூவரும் அயல்நாட்டார். உள்நாட்டார் ஒருவர் இருந்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற அச்சம்.

வந்தார்கள், திறந்தார்கள். 22,000க்கு மேற்பட்ட முறையீடுகள்! பத்துப் பன்னிரண்டு ஆண்டாக மனைவியிடம்கூடச் சொல்லாததை அங்கே வந்து சொன்னவர்கள் உண்டு. கேட்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், எழுதிக்கொள்கிறார் என்பதே அந்த ஏழைகளுக்குப் பாதி மருந்தாயிற்று என்று பர்கெந்தால் பின்னாளில் எழுதினார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரும் நமக்கு அது புரிகிறது. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். நம்மிடம் வருகிறவன் பாவம் செய்தவன். அவரிடம் வந்தவர்களோ பாவத்தைச் சுமந்தவர்கள்; செய்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

எல் மொசோட்டேயில், கோயிலை அடுத்திருந்த சிறு கட்டடத்தை ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்த நிபுணர்கள் 1992இல் தோண்டினார்கள். குறைந்தது 143 பேரின் எலும்புகள். அவற்றில் 131 பேர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கிடைத்த தோட்டாக் குப்பிகளில் முத்திரை படிக்க முடிந்தவை எல்லாம் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துத் தொழிற்சாலையில் செய்தவை. அங்கே படுகொலை நடந்ததற்குச் சான்றில்லை என்று 1982இல் சொன்ன வாஷிங்டனின் குடிமகன்தான் இதை எழுதிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவர் தயங்கியதாகத் தெரியவில்லை. அந்தக் கிராமத்தாரின் வழக்கைப் பத்தாண்டு பாதுகாத்து, கோர்ட்டுக்குக் கொண்டு வந்தது யார் தெரியுமா? ரொமேரோவுக்குப் பின் வந்த பேராயர் ரிவேரா இ தமாஸ் தொடங்கிய சட்ட உதவி அலுவலகம். இதை நாம் பெருமையோடு சொல்லலாம். அந்த அலுவலகத்தை 2013இல் அதே உயர்மறைமாவட்டம் திடீரென்று மூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கமிஷன் முன் இருந்த பெரிய கேள்வி, பெயர்களை எழுதுவதா வேண்டாமா என்பது. நடந்ததை எழுதுங்கள், பெயரை விட்டுவிடுங்கள், இப்போதுதான் சமாதானம் வந்திருக்கிறது, கிளறாதீர்கள் என்று ஜனாதிபதி கிறிஸ்தியானியே கேட்டுக்கொண்டார். இந்தப் பேச்சு நமக்குப் புதிதன்று. வரப்புத் தகராறாகட்டும், பங்காளிச் சண்டையாகட்டும், பெண்ணைக் கைவிட்ட வழக்காகட்டும், பெரியவர்கள் கூடி உட்கார்ந்ததும் முதலில் வருகிற பேச்சு, "நடந்தது நடந்துபோச்சு, விட்டுத் தள்ளுங்க சாமி" என்பதுதானே? யாரைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அடித்தவனைப் பார்த்தன்று, அடிபட்டவனைப் பார்த்து.

பர்கெந்தாலும் மற்ற இருவரும் பெயர்களை எழுதினார்கள். 1993 மார்ச் 15 அன்று அறிக்கை வெளியாயிற்று. நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். பேராயர் ரொமேரோவைக் கொல்ல ஆணையிட்டவர் முன்னாள் மேஜர் ரொபெர்ட்டோ தொபுய்சோன். (அவர் முந்தின ஆண்டே இறந்துவிட்டார், ஆளுங்கட்சியைத் தோற்றுவித்தவரும் அவரே.) சேசுசபைக் குருக்களைக் கொல்லச் சொன்னவர் படைத்தலைவராயிருந்த ரெனே எமிலியோ போன்சே. அரசின் பக்கத்தை மட்டும் அவர்கள் எழுதவில்லை. முறையீடுகளில் சுமார் 85 விழுக்காடு அரசுப் படையையும் அதைச் சார்ந்தவர்களையும் சேர்ந்தவை. சுமார் 5 விழுக்காடு புரட்சிப் படையைச் சேர்ந்தவை. அந்த ஐந்தின் பெயர்களும் வந்தன. பெயர் வந்தவர்களைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும், பத்தாண்டு பொதுப் பதவி தரலாகாது என்று பரிந்துரைத்தார்கள். வழக்குப் போடச் சொல்லவில்லை. ஏன்? அந்த நாட்டு நீதிமன்றங்களே அந்நிலையில் இல்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள்.

அறிக்கை வந்த ஐந்தாம் நாள், மார்ச் 20ஆம் தேதி, பாராளுமன்றம் கூடி எல்லோருக்கும் பொது மன்னிப்புச் சட்டம் நிறைவேற்றியது. குருக்கள் கொலைக்காகச் சிறையிலிருந்த இரண்டே அதிகாரிகளும் சில நாளில் வெளியே வந்தார்கள்.

இப்போது நம் தலைப்புக்கு வருவோம். எக்காளம் ஊதியாயிற்று, சிறைக் கதவு திறந்தாயிற்று. இது யூபிலியா?

ஞானோபதேசத்தில் சிறுவயதில் படித்ததை நினைத்துப் பாருங்கள். பாவப் பொறுத்தலுக்கு என்னென்ன வேண்டும்? மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம். சாவான பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் அந்தச் சங்கீர்த்தனமே செல்லாது. மறைத்ததே இன்னொரு பாவம். இன்னொன்றையும் குருமடத்தில் எங்களுக்கு அழுத்திச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தக் குருவும் தமக்குத் தாமே பாவப் பொறுத்தல் கொடுத்துக்கொள்ள முடியாது. திருத்தந்தைக்கும் ஒரு ஆன்ம குரு உண்டு. அவரும் முழந்தாளிட வேண்டும். எல் சால்வடோரில் நடந்தது என்ன? குற்றம் சாட்டப்பட்டவர்களின் கட்சி தன் ஆட்களுக்குத் தானே பாவப் பொறுத்தல் கொடுத்துக்கொண்டது. மனஸ்தாபமும் இல்லை, சங்கீர்த்தனமும் இல்லை, பரிகாரமும் இல்லை. எல் மொசோட்டேயில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கொல்லப்பட்ட குருக்களின் சபைச் சகோதரர்கள் அப்போதே மறுத்தார்கள். மன்னிக்க மாட்டோம் என்றல்ல. முதலில் உண்மை, பிறகு நீதி, அதன் பிறகு மன்னிப்பு என்று வரிசை சொன்னார்கள்.

பர்கெந்தால் வேதசாஸ்திரம் பேசியவர் அல்லர். ஆனால் யார் செய்தது என்பதை முதலில் நிலைநாட்டு என்று வாழ்நாளெல்லாம் அவர் பிடிவாதமாய் நின்றது அந்த வரிசையின் முதற்படியில்தான்.

அந்தப் பிடிவாதம் அவருக்குப் பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள் என்று பார்க்கவில்லை. 2000 முதல் 2010 வரை ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாய் இருந்தார். 2004இல் இஸ்ரேல் கட்டிய சுவரைப் பற்றிய கருத்துரையில் 14 நீதிபதிகள் ஒரு பக்கம், அவர் ஒருவர் மறுபக்கம். யூதர், அதனால்தான் என்று பலர் பேசினார்கள். அவர் எழுதியதைப் படித்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். இஸ்ரேலின் பாதுகாப்புப் பற்றிய விவரங்கள் போதிய அளவு முன் வைக்கப்படாதபோது தீர்ப்புச் சொல்லலாகாது என்பதே அவர் காட்டிய காரணம். குடியேற்றங்களைக் காக்கக் கட்டிய சுவர்ப்பகுதிகள் சட்ட விரோதம் என்று அதே ஏட்டில் எழுதினார். அவர் முடிவு சரியா என்பதில் நமக்கே ஐயம் உண்டு. ஆனால் விவரம் தெரியாமல் பழி சொல்லக் கூடாது என்று நிற்பவரும், விவரம் தெரிந்த பின் பழியை மறைக்கக் கூடாது என்று நிற்பவரும் ஒரே ஆள்தான்.

எல் சால்வடோரின் பொது மன்னிப்புச் சட்டம் 23 ஆண்டு நின்றது. 2016 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளியது. 2018 அக்டோபர் 14 அன்று ரோமையில் ரொமேரோவுக்குப் புனிதர் பட்டம் சூட்டினார்கள். 2020இல் ஸ்பெயின் நாட்டு நீதிமன்றம், கொல்லப்பட்ட ஸ்பானியக் குருக்கள் ஐவருக்காக, முன்னாள் கர்னல் மொந்தானோவுக்கு 133 ஆண்டுச் சிறை விதித்தது. அறிக்கை வெளிவந்து 27 ஆண்டு கழித்து! இவ்வளவையும் பர்கெந்தால் உயிரோடிருந்து பார்த்தார். 2023 மே 29 அன்று, 89ஆம் வயதில் இறந்தார்.

நாளைக் காலைத் திருப்பலியில் நம் பங்கின் மரித்தோர் அனைவருக்காகவும் மன்றாடுகிறோம். அப்போது அந்த எட்டுப் பேரின் பெயர்களையும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். இக்னாசியோ எல்லக்கூரியா, இக்னாசியோ மார்ட்டின் பாரோ, செகுந்தோ மொந்தேஸ், ஹுவான் ரமோன் மொரேனோ, அமாந்தோ லோப்பெஸ், ஹோவாக்கின் லோப்பெஸ் இ லோப்பெஸ், எல்பா ராமோஸ், செலினா ராமோஸ். வாசிக்கிற தம்பிமார் இன்றிரவே ஒரு தடவை உரக்கப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வாய்க்குப் பழகாத பெயர்கள், தடுமாறாமல் வரவேண்டும்.